கைப்பிடிக் குழியில் எரிந்த கிளியர் கோட்: இடுக்குகளுக்கு ஒரு சின்ன பாலிஷ் மிஷின் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கோவையில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கார் டீட்டெய்லிங் (சுத்தம் செய்து பாலிஷ் போடும்) கடையில் நடந்தது இது. கடையின் இரண்டு பங்குதாரர்களில் நான் ஒருவன். கணக்கும் வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் என் பொறுப்பு, பட்டறை வேலை மற்றவர் பொறுப்பு. நடந்தபோதே நோட்டில் குறித்து வைத்ததிலிருந்து இதைத் தொகுக்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்கள் எங்களைப் போல ஒரு கதவைக் கெடுத்துவிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்போது எங்களிடம் இரண்டு பாலிஷ் மிஷின்கள் இருந்தன. இரண்டிலும் ஒரு வட்டத் தட்டு இருக்கும், பாலிஷ் போடும் நுரை பேட் அதில் ஒட்டும். ஒன்று ரோட்டரி, அதாவது பேடை ஒரே அச்சில் சுற்றுவது. இன்னொன்று டிஏ (டூயல் ஆக்‌ஷன்). அது பேடைச் சுற்றிக்கொண்டே சின்ன வட்டத்தில் ஆட்டவும் செய்யும். அந்த ஆட்டத்தின் அகலத்தைத்தான் ஆர்பிட் என்கிறோம். எங்கள் டிஏவில் ஆர்பிட் 15 மி.மீ., தட்டு 5 அங்குலம். பானெட், ரூஃப், கதவின் அகலமான பகுதி எல்லாவற்றுக்கும் இவை இரண்டே போதும்.

இடுக்கு என்று வந்தால் மைக்ரோஃபைபர் துணியை விரலில் சுற்றித் தேய்ப்போம். அதில் போகாத கீறலுக்கு, சுவரில் ஓட்டை போடும் டிரில்லில் 3 அங்குல பஃபிங் தட்டை மாட்டி ஓட்டுவோம். அந்தத் தட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்தது நான்தான். இரண்டு வருடம் அதனால் எதுவும் கெடவில்லை. கெடாததாலேயே அது சரியான கருவி என்று நம்பிவிட்டோம்.

## வண்டி வந்த அன்று

ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வருடத்திலேயே எங்களுக்கு நெருக்கடி அதிகமான நாட்கள் அவை. வந்தது ஆறு வருடம் ஓடிய கருப்பு செடான், ஒரே கைப் பராமரிப்பு. உரிமையாளர் கேட்டது எங்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. "பானெட் பளபளன்னு ஆகோணும்னு இல்லீங்க. இந்தக் கைப்பிடிக்குப் பின்னால இருக்குற கீறலுதான் கதவத் தொறக்கறப்பெல்லாம் கண்ணுல படுது" என்றார்.

விளக்கடித்துப் பார்த்தோம். நான்கு கைப்பிடிக் குழிகளிலும் நகமும் மோதிரமும் பட்ட கீறல்கள். டிரைவர் பக்கக் குழியில் அவை வலைபோலப் பின்னிக் கிடந்தன. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூண், பளபளப்பான கருப்பு பிளாஸ்டிக். தூசியோடு துணி போட்டுத் துடைத்துத் துடைத்து அது மங்கியிருந்தது. சைடு மிரரின் அடிப்பகுதியில் போர் தண்ணீர் உப்புக்கறை. டிக்கியில் பெயர் எழுத்துகளுக்கு நடுவே யாரோ எப்போதோ போட்ட காம்பவுண்ட், அதாவது கீறல் எடுக்கும் பசை, வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை வைத்தோம். கதவுகளில் 110 முதல் 125 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), கம்பெனி பெயின்ட்தான். அந்தக் கனத்தில் கலருக்கு மேலே நிறமில்லாமல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். குழிக்குள் மீட்டர் நிற்கவில்லை. அதன் முனை சமமாக உட்கார்ந்தால்தான் அளவு சரியாக வரும், வளைவில் சாய்ந்துவிடுகிறது. தூணும் பம்பரும் பிளாஸ்டிக். எங்களிடம் இருந்த வகை மீட்டர் உலோகத்தின் மேல் உள்ள பெயின்டை மட்டும்தான் அளக்கும். ஆக, எந்த இடங்களில் வேலை செய்யப் போகிறோமோ, அந்த இடங்களைப் பற்றித்தான் எங்களிடம் ஓர் எண்ணும் இல்லை. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

## மூன்றாம் நாள் மாலை

பெரிய பரப்புகள் முடிந்து இடுக்கு வேலை தொடங்கியது. இரண்டு வருடமாக எங்களோடு இருக்கும், கை பழகிய பையன்தான் செய்தான். முதல் மூன்று குழிகளைத் துணியாலும் விரலாலும் ஓரளவுக்குக் கொண்டு வந்துவிட்டான். டிரைவர் பக்கக் குழி மசியவில்லை. டிரில்லை எடுத்தான்.

நான் நான்கடி தூரத்தில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். டிரில் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சூடான ரப்பர் மாதிரி லேசாக ஒரு வாசம். "அண்ணா, இங்க கொஞ்சம் வந்து பாருங்ண்ணா" என்று அவன் கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

குழியின் கீழ் உதட்டில், கதவோடு சேரும் மடிப்பில், பாதி விரல் நீளத்துக்கு மங்கலான ஒரு திட்டு. சுற்றிலும் கருப்பு, நடுவில் பளபளப்பே இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி. பேடைத் திருப்பிப் பார்த்தேன், நுரையின் ஓரத்தில் கருப்பு மை ஒட்டியிருந்தது. கிளியர் கோட்டைத் தாண்டிக் கலர் வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். கையை வைத்தேன். ஒரு நிமிடம் கழித்தும் சுட்டது.

## அன்று இரவு எடுத்த முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. ஒரு சொட்டு கிளியர் தொட்டு வைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்து கொடுத்துவிடலாம். கருப்பு வண்டி, குழியின் அடி உதடு, அநேகமாக அவர் கண்ணில் பட்டிருக்காது. இல்லையென்றால் சொல்லிவிடலாம். தொட்டு வைத்த கிளியர் சில மாதங்களில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கினால் அது எங்கள் கைவேலை என்று தெரியாமலா போகும்? அதோடு அவர் எங்களிடம் கொடுத்ததே அந்த இடத்தைச் சரிசெய்யத்தான். இரவு எட்டரைக்குப் போன் செய்து சொன்னேன்.

அவர் கோபப்பட்டார். பூஜைக்கு வண்டி வேண்டும், கதவை எப்போது பெயின்ட் அடிப்பீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். பூஜைக்கு வண்டியை அப்படியே எடுத்துப் போனார். பூஜை முடிந்து நான்காம் நாள் கதவை நம்பகமான ஒரு பெயின்ட் பூத்தில் எங்கள் செலவில் அடித்துக் கொடுத்தோம். கைப்பிடியைக் கழற்றிவிட்டுத்தான் அடிக்கச் சொன்னேன். மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால் பிடியைச் சுற்றிக் கோடு விழும். அந்த வேலைக்கு அவரிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

## ஏன் எரிந்தது

பையனின் கை தப்பு என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அதே டிரில்லையும் தட்டையும் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

முதலாவது அழுத்தம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கே உறைத்தது. 125 மி.மீ., அதாவது 5 அங்குலத் தட்டின் பரப்பு ஏறக்குறைய 123 சதுர செ.மீ. 75 மி.மீ., அதாவது 3 அங்குலத் தட்டு 44. 50 மி.மீ. தட்டு 20. 30 மி.மீ. தட்டு வெறும் 7. பெரிய தட்டுக்குப் பழகிய கை அதே பலத்தோடு 30 மி.மீ. தட்டை அழுத்தினால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் பதினேழு மடங்கு சுமை விழுகிறது. டிரில்லில் 75 மி.மீ. தட்டு முழுசாகவும் படியவில்லை, குழிக்குள் அது சாய்ந்து ஓரம் மட்டும்தான் தொட்டது. சின்ன பேட் பாதுகாப்பானது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது தலைகீழ்.

இரண்டாவது, பேடுக்கு நகர இடமே இல்லை. பானெட்டில் மிஷின் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடு பரவும். குழியில் அது ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. டிரில் ஒரு சுத்த ரோட்டரி, ஆர்பிட் கிடையாது. எல்லா உராய்வும் ஒரே வளையத்தில்.

மூன்றாவது, உதட்டு மடிப்பு. ஈரமாக இருக்கும்போது பெயின்ட் கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும். அதனால் எந்த வண்டியிலும் விளிம்பில்தான் கிளியர் மிக மெல்லியதாக இருக்கும். நான்காவது, டிரில்லின் வேகத்தை விரல் தீர்மானிக்கிறது. கொஞ்சம் பதற்றத்தில் விசையை முழுக்க அழுத்தினால் அது தன் உச்ச வேகத்துக்குப் போய்விடும். அன்று மாலை எங்கள் எல்லோருக்குமே பதற்றம்தான்.

## இடத்தை அளந்தோம்

புது மிஷின் வாங்குவது என்று முடிவானதும், மற்ற பங்குதாரர் உடனே ஆன்லைனில் தேட ஆரம்பித்தார். நான் தடுத்தேன். முதலில் எந்த இடத்துக்கு என்று தெரிய வேண்டும். இரண்டு வாரம், வந்த ஒவ்வொரு வண்டியிலும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதினோம். கைப்பிடிக் குழி, முன்கண்ணாடி ஓரத் தூண், நடுத்தூண், மிரர் அடி, நம்பர் பிளேட் குழிவு, கிரில் ஓரப் பம்பர், ஸ்பாய்லருக்குக் கீழே, எழுத்துகளுக்கு நடுவே.

இந்த அளவெடுப்பில் கிடைத்ததுதான் முழு விஷயத்திலும் எனக்கு முக்கியமாகப் படுவது. கெட்டுப்போன அந்தக் கதவையே எடுத்துக்கொள்வோம். பிடிக்குக் கீழே குழி திறந்திருக்கும் இடம் 44 மி.மீ. 30 மி.மீ. தட்டு தாராளமாக நுழையும் என்று தோன்றும். ஆனால் நுரை பேட் எப்போதும் தட்டைவிடச் சற்றுப் பெரிது. நாங்கள் பார்த்தது 34 மி.மீ. அதை 12 மி.மீ. ஆர்பிட்டில் ஓட்டினால் அது தொடும் அகலம் 34ம் 12ம் சேர்ந்து 46. உதட்டில் இடித்துவிடும். 3 மி.மீ. ஆர்பிட்டில் 37. இரண்டு பக்கமும் மூன்றரை மி.மீ. மிச்சம். பேட் அளவோடு ஆர்பிட்டைக் கூட்டினால்தான் மிஷினுக்குத் தேவையான இடம் தெரியும். மிஷின் விற்பவர் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெட்டியில் தட்டின் அளவை மட்டும்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

## முயன்று பார்த்தவை

உக்கடத்தில் பழைய பாகங்கள் விற்கும் கடையிலிருந்து ஒரு கருப்புக் கதவை வாங்கி வந்து பட்டறையில் ஸ்டாண்டில் மாட்டினோம். குழியில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, அந்தக் கீறலை ஒவ்வொரு மிஷினாலும் எடுத்துப் பார்த்தோம்.

செலவில்லாத வழி முதலில். எங்கள் 15 மி.மீ. டிஏவிலேயே 3 அங்குலத் தட்டை மாட்டினோம். மிஷின் கையில் நிற்கவில்லை, உதறியது. உள்ளே இருக்கும் எதிர் எடை பெரிய தட்டுக்கும் பேடுக்கும் ஏற்ப வைக்கப்பட்டது, சின்ன தட்டு மாட்டினால் சமநிலை போய்விடும். ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப் போனது. விட்டுவிட்டோம்.

அடுத்து, தெரிந்த பட்டறை ஒன்றிலிருந்து காற்றில் ஓடும் 3 அங்குல மிஷின். உள்ளங்கைக்குள் அடங்கும், எடையே இல்லை, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்களிடம் இருப்பது 2 ஹெச்.பி. கம்ப்ரசர். ஒரு நிமிடம் ஓடியதும் பிரஷர் இறங்கி வேகம் தளர்ந்தது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. காற்றோடு வந்த ஈரத்துளிகள் கதவில் தெறித்தன. பெரிய கம்ப்ரசரும் ஈரம் பிரிக்கும் ஃபில்டரும் உள்ள பெயின்ட் பட்டறைக்கு அது நல்ல கருவிதான்.

கரன்டில் ஓடும் சின்ன டிஏ, 75 மி.மீ. தட்டு, 15 மி.மீ. ஆர்பிட். தூணிலும் மிரரிலும் பம்பரிலும் அருமையாக வேலை செய்தது. குழிக்கு ஆகவில்லை. 80 மி.மீ. பேடோடு ஆர்பிட்டைச் சேர்த்தால் 95 மி.மீ. இடம் கேட்கிறது. தவிர, இந்த வகை டிஏக்கள் வளைவில் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே ஆடும். சுற்றாவிட்டால் கீறல் போகாது. பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் சுற்றுகிறதா இல்லையா என்பது உடனே தெரியும்.

கடைசியாக, நானோ வகை. பேட்டரியில் ஓடும், தலையை மாற்றி மாட்டலாம். ரோட்டரி, 3 மி.மீ., 12 மி.மீ. மூன்றும் ஒரே உடலில். இத்தாலியின் ரூபெஸ் நானோவும் ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் பிஎக்ஸ்இ 80ம் இந்த வகைதான். திருப்பூரில் ஒரு நண்பரிடமிருந்து கழுத்து நீண்ட நானோ ஒன்றை மூன்று நாள் இரவல் வாங்கினோம். அதோடு, பெயர் இல்லாத மலிவு மாடல் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தோம்.

இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டியபோது வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. மலிவானதில் ஆர்பிட் தலைக்கும் உடலுக்கும் நடுவே லேசான ஆட்டம். பேடைத் தொட்டு அழுத்தியதும் சத்தம் மாறி வேகம் இறங்கியது, பத்து நிமிடத்தில் கழுத்து சுட்டது. கீறலை எடுத்தது, அதை மறுக்க மாட்டேன். பேட்டரி போனால் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவரைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இரவல் மிஷினில் வேகம் அழுத்தத்துக்கு அசையவில்லை. நீண்ட கழுத்து பிடிக்குக் கீழிருந்து சாய்ந்து உள்ளே போனது, மிஷினின் உடல் கதவில் படவே இல்லை.

பையனுக்கு ஒரு பயம் இருந்தது. "இது 5000 ஆர்.பி.எம். போட்டிருக்குதுங்ண்ணா, டிரில்ல விட ஜாஸ்தி" என்றான். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினோம். 30 மி.மீ. தட்டு 5000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது அதன் ஓரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 470 மீட்டர் ஓடுகிறது. 75 மி.மீ. தட்டு 2000லேயே அந்த வேகத்துக்கு வந்துவிடும். சின்ன தட்டுக்கு அதிக எண் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது அழுத்தத்துக்கு.

## வாங்கியது, ஏன்

பணம் ஒரு மிஷினுக்குத்தான் இருந்தது. நோட்டைப் பார்த்தால் நேரம் அதிகம் போவது தூண், மிரர், பம்பரில். அதற்கு 75 மி.மீ. டிஏ போதும், விலையும் குறைவு. மற்றவர் அதைத்தான் சொன்னார். நான் நானோ பக்கம் நின்றேன். தூணையும் மிரரையும் கையாலோ பெரிய மிஷினின் ஓரத்தாலோ மெதுவாகவாவது செய்துவிடலாம், கெடாது. குழிக்கு மட்டும் எங்களிடம் பாதுகாப்பான வழியே இல்லை. இரண்டு நாள் பேசி, நானோ வகையில் பெயருள்ள மாடல் ஒன்றையே வாங்கினோம். நீண்ட கழுத்து, இரண்டு பேட்டரி, கரன்டில் நேராக ஓட்டும் அடாப்டர். 30 மி.மீ., 50 மி.மீ. தட்டுகள். டிரில் தட்டை அன்றே தூக்கிப் போட்டோம்.

## அதற்குப் பிறகு

முதல் வாரம் யாரும் வாடிக்கையாளர் வண்டியில் அதைத் தொடவில்லை. பழைய கதவில்தான் பழக்கம். மிஷினின் எடையைத் தவிரக் கையின் பலம் கூடாது என்பது வார்த்தையில் புரியாது. சமையலறைத் தராசு ஒன்றின் மேல் பேடை வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னோம். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் எல்லோர் கையும் தானாகத் தளர்ந்தது.

அடுத்த ஐந்து மாதங்களில் எந்த வண்டியிலும் கிளியர் எரியவில்லை. ஒரு தவறு நடந்தது. நடுத்தூண் பிளாஸ்டிக்கில் நேரம் மிச்சம் பிடிக்க 12 மி.மீ. தலையும், கீறலை வேகமாக எடுக்கும் கட்டிங் பேடும் போட்டதில் முழுத் தூணும் புகை மூட்டம் போல மங்கிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் மென்மையானது, சூட்டையும் கடத்தாது. 3 மி.மீ. தலை, மென்மையான ஃபினிஷிங் பேட், ஃபினிஷிங் பாலிஷ் மூன்றும் கொண்டு பொறுமையாக மீட்டோம், ஆனால் முக்கால் மணி நேரம் போனது.

எதிர்பார்க்காத செலவு பேடுகளில் வந்தது. சின்ன பேட் சீக்கிரம் காம்பவுண்டை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும், சூட்டில் நுரை வெல்க்ரோவிலிருந்து பிரிந்து வரும். ஒரு வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேட் எடுத்து வைக்கிறோம். ஒரு குழி முடிந்ததும் பேடை மாற்றிவிட வேண்டும். நான்கு குழிகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தனி வேலையாகப் பில்லில் போடுகிறோம். சொன்னால் வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்தக் கருப்பு செடான்காரர் பெயின்ட் வேலையை வெயிலில் நிறுத்தி நிதானமாகப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

## இப்போது வேறு மாதிரி செய்பவை

வண்டியை வேலைக்கு எடுக்கும்போதே இடுக்குகளைப் படம் எடுத்து, மீட்டர் நிற்காத இடங்களை வாடிக்கையாளரிடமே காட்டி, இங்கே கீறல் முழுசாகப் போகாது என்று சொல்லிவிடுகிறோம். குழியின் உதட்டு மடிப்புக்கு மாஸ்கிங் டேப் கட்டாயம், டேப்புக்கு அடியில் உள்ளதைக் கையால் மட்டும்தான் தொடுவோம். பூஜை வாரத்தில் இடுக்கு வேலைக்கு மாலை நேரம் கொடுப்பதில்லை. வேலை முடிந்த குழிக்குள் பிபிஎஃப், அதாவது பெயின்டைக் காக்கும் ஃபிலிம், ஒட்டிக்கொள்ளச் சொல்கிறோம். நகம் அதன் மேல்தான் படும், அடுத்த முறை கிளியரைத் தேய்க்க வேண்டியிருக்காது. மறுபடி தொடக்கத்திலிருந்து செய்வதாக இருந்தால் மலிவு மாடலுக்குப் போட்ட பணத்தைப் பேடுகளுக்குப் போட்டிருப்பேன். 75 மி.மீ. டிஏ இன்னும் வாங்கவில்லை. தூண் வேலை குவியும் நாட்களில் மற்றவர் அதை நினைவுபடுத்துவார், அவர் சொல்வது சரிதான்.

டிக்கி எழுத்துகளுக்கு நடுவே எந்த மிஷினும் போகவில்லை. எங்கள் அளவுப்படி அங்கே இருப்பது 6 முதல் 9 மி.மீ. ஐஸ்கிரீம் குச்சியின் முனையில் மைக்ரோஃபைபரை ஒரு சுற்றுச் சுற்றி, ஃபினிஷிங் பாலிஷ் ஒரு துளி தொட்டு, ஒவ்வொரு எழுத்தாகத்தான் இன்றைக்கும் செய்கிறோம்.